பாரசீகப் பூனை

பாரசீகப் பூனை என்பது நீண்டு அடர்ந்த உரோமம், உருண்டையான தலை, குட்டையான மூக்கு, குறுகிய தடித்த கால்கள் ஆகியவற்றைக் கொண்ட ஒரு வீட்டுப்பூனை இனமாகும். நீளமுடிப் பூனை இனங்களுள் மிகவும் பரவலாக அறியப்பட்டது இதுவே. ஈரானின் பழைய பெயரான பாரசீகத்தைக் கொண்டு இதன் பெயர் அமைந்தாலும், இன்று காணப்படும் உருவம் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து இங்கிலாந்திலும் பின்னர் ஐக்கிய அமெரிக்காவிலும் தெரிவுமுறை இனப்பெருக்கத்தால் உருவாக்கப்பட்டதாகும்.

இவ்வினத்திற்கெனப் பூனைப் பதிவுச் சங்கங்கள் எழுத்து வடிவில் தோற்றத் தரநிலைகளை வகுத்துள்ளன. கண்காட்சிகளில் நடுவர்கள் இத்தரநிலைகளைக் கொண்டே பூனைகளை மதிப்பிடுகின்றனர். எப்பூனைகள் பரிசு பெறுகின்றனவோ அவற்றின் குட்டிகளே அடுத்த தலைமுறைக்குப் பெற்றோராகத் தெரிவு செய்யப்படுவதால், தரநிலையில் எழுதப்பட்ட ஒவ்வொரு சொல்லும் காலப்போக்கில் இவ்வினத்தின் உடலமைப்பை மாற்றியுள்ளது. முகம் தட்டையானதும் அதனால் விளைந்த உடல்நலக் குறைபாடுகளும் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டுகளாகும்.

வரலாறு

இத்தாலியப் பயணியான பியேட்ரோ டெல்லா வாலே 1620ஆம் ஆண்டளவில் பாரசீகத்தின் கொராசான் பகுதியைச் சேர்ந்த நீளமுடிப் பூனைகளைப் பற்றி எழுதினார். ஐரோப்பாவிற்கு இப்பூனைகள் வந்தது குறித்த தொடக்ககாலப் பதிவுகளுள் இதுவும் ஒன்றாகும். அதே காலத்தில் துருக்கியின் அங்காரா பகுதியிலிருந்தும் நீளமுடிப் பூனைகள் பிரான்சுக்குக் கொண்டுவரப்பட்டன. இவை அங்கோராப் பூனைகள் எனப்பட்டன. அடுத்த இரு நூற்றாண்டுகளில் இவ்விரு வகைகளும் ஒன்றோடொன்று கலந்தன.

1871ஆம் ஆண்டு சூலை 13 அன்று இலண்டன் கிரிஸ்டல் பேலஸ் மாளிகையில் ஹாரிசன் வேர் ஒழுங்கு செய்த பூனைக் கண்காட்சியே இன்றைய வகையிலான கண்காட்சிகளுக்கு முன்னோடியாகும். அதில் பாரசீகப் பூனைகளும் இடம்பெற்றன. வேர் 1889இல் வெளியிட்ட நூலில் அங்கோரா, பாரசீகம் ஆகிய வகைகளைத் தனித்தனியே விவரித்து, அவற்றிடையே உள்ள வேறுபாடுகளையும் குறிப்பிட்டார். 1903இல் பிரான்சிஸ் சிம்ப்சன் வெளியிட்ட பூனைகள் பற்றிய பெருநூலில் நீளமுடிப் பூனைகள் நிறவாரியாக வகைப்படுத்தப்பட்டிருந்தன.

இனப் பதிவுக்கான அமைப்புகளும் இக்காலத்திலேயே தோன்றின. பிரித்தானியாவில் 1887இல் தேசியப் பூனைக் கழகமும், 1910இல் பல கழகங்களை ஒன்றிணைத்த ஆட்சிக் குழுவும் (ஜி.சி.சி.எஃப்.) அமைந்தன. ஐக்கிய அமெரிக்காவில் 1906இல் பூனை ஆர்வலர் சங்கம் (சி.எஃப்.ஏ.) தொடங்கப்பட்டது. ஐரோப்பிய நாடுகளின் கழகங்களை இணைக்கும் பன்னாட்டுக் கூட்டமைப்பு (ஃபிஃபே) 1949இலும், பன்னாட்டுப் பூனைச் சங்கம் (டிக்கா) 1979இலும் உருவாயின.

பெயர் பாரசீகத்தைச் சுட்டினாலும் மரபணு ஆய்வு வேறொன்றைக் காட்டுகிறது. உலகின் பல பகுதிகளைச் சேர்ந்த பூனைகளை ஒப்பிட்டு 2008இல் வெளியான ஆய்வில், பாரசீகப் பூனைகள் மேற்காசியப் பூனைகளுடன் அன்றி மேற்கு ஐரோப்பியப் பூனைகளுடனேயே நெருங்கிய உறவுடையன எனக் கண்டறியப்பட்டது. உள்ளூர்ப் பூனைகளுடன் தொடர்ந்து நிகழ்ந்த கலப்பே இதற்குக் காரணமாகக் கருதப்படுகிறது.

நீள உரோமத்தின் மரபியல்

பூனைகளில் குட்டை உரோமம் ஓங்கு பண்பு. நீள உரோமம் ஒடுங்கு பண்பு. எஃப்.ஜி.எஃப்.5 என்னும் மரபணுவே இதனைத் தீர்மானிக்கிறது. மயிர் வளரும் கட்டம் போதும் என்று நிறுத்தும் சைகையை அளிக்கும் புரதத்தை இம்மரபணு உருவாக்குகிறது. இம்மரபணு பழுதுபட்டால் வளர்ச்சிக் கட்டம் நீடித்து மயிர் நீண்டு வளர்கிறது. பூனைகளில் இம்மரபணுவின் பல திடீர் மாற்றங்கள் 2007இல் கண்டறியப்பட்டன.

தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதுபட்ட மரபணுவைப் பெறும் குட்டிக்கே நீள உரோமம் அமையும். எனவே இரு பாரசீகப் பூனைகளுக்குப் பிறக்கும் குட்டிகள் அனைத்தும் நீளமுடி கொண்டவையாக இருக்கும். பாரசீகப் பூனையைக் குட்டைமுடிப் பூனையுடன் கலந்தால் முதல் தலைமுறையில் பெரும்பாலும் குட்டைமுடிக் குட்டிகளே பிறக்கும். அமெரிக்கக் குட்டைமுடிப் பூனைகளுடன் இவ்வாறு கலந்து 1960களில் உருவாக்கப்பட்டதே எக்சோட்டிக் குட்டைமுடி இனமாகும். உரோம நீளம் தவிர ஏனைய அனைத்திலும் இது பாரசீகப் பூனையின் தரநிலையையே பின்பற்றுகிறது.

தோற்றத் தரநிலை

சங்கத்திற்குச் சங்கம் சொற்கள் மாறினாலும் தரநிலைகளின் அடிப்படை ஒன்றே. உருவத்தின் எப்பகுதியும் கூராகவோ நீண்டதாகவோ இன்றி, உருண்டைத் தன்மையே எங்கும் வேண்டப்படுகிறது.

தலை: உருண்டையாகவும் அகன்றும், குட்டையான தடித்த கழுத்தின்மேல் அமைந்தும் இருத்தல் வேண்டும். கன்னங்கள் நிறைந்திருக்க வேண்டும். தாடைகள் அகன்றும் வலுவாகவும், முகவாய் நன்கு வளர்ந்து உருண்டும் இருத்தல் வேண்டும்.

மூக்கு: குட்டையாகவும் அகலமாகவும் இருத்தல் வேண்டும். நெற்றியும் மூக்கும் சேருமிடத்தில் தெளிவான பள்ளம் காணப்பட வேண்டும். அமெரிக்கத் தரநிலையில் இப்பள்ளம் இரு கண்களுக்கும் நடுவே அமைய வேண்டும் என்றுள்ளது.

காதுகள்: சிறியனவாகவும், நுனி உருண்டனவாகவும், முன்னோக்கிச் சாய்ந்தும், ஒன்றுக்கொன்று தொலைவில் தலையில் தாழ அமைந்தும் இருத்தல் வேண்டும்.

கண்கள்: பெரியனவாகவும் வட்டமாகவும், ஒரே மட்டத்தில் நன்கு விலகியும் அமைதல் வேண்டும். நிறம் ஆழ்ந்தும் ஒளிர்ந்தும் இருத்தல் வேண்டும்.

உடல்: நீளம் குறைந்து, தாழ்ந்து, தடித்ததாக இருத்தல் வேண்டும். மார்பு அகன்றும் ஆழ்ந்தும், தோளும் பின்புறமும் சம அளவில் பருத்தும், முதுகு மட்டமாகவும் இருத்தல் வேண்டும். அளவு பெரிதாகவோ நடுத்தரமாகவோ இருக்கலாம். அளவைக் காட்டிலும் கட்டமைப்பே முதன்மையாகக் கொள்ளப்படுகிறது.

கால்கள்: குட்டையாகவும் தடித்தும் வலுவாகவும் இருத்தல் வேண்டும். முன்னங்கால்கள் நேராக இருத்தல் வேண்டும். பாதங்கள் பெரியனவாகவும் வட்டமாகவும், முன்பாதத்தில் ஐந்து விரல்களும் பின்பாதத்தில் நான்கு விரல்களும் கொண்டும் இருத்தல் வேண்டும்.

வால்: குட்டையாக, ஆனால் உடல் நீளத்திற்குப் பொருத்தமாக இருத்தல் வேண்டும்.

உரோமம்: உடல் முழுதும் நீண்டு அடர்ந்து, உடலோடு படியாமல் விலகி நிற்க வேண்டும். இழை நுண்ணியதாகவும் பளபளப்பாகவும் இருத்தல் வேண்டும். கழுத்தைச் சுற்றிய பிடரிமயிர் மிகுந்து, முன்னங்கால்களுக்கிடையே தொடர வேண்டும். காதுகளிலும் விரலிடைகளிலும் நீண்ட மயிர்க்குஞ்சங்களும், வாலில் நிறைந்த மயிரும் காணப்பட வேண்டும்.

மதிப்பெண் முறை

அமெரிக்கப் பூனை ஆர்வலர் சங்கத்தின் தரநிலையில் மொத்தம் 100 மதிப்பெண்கள் பின்வருமாறு பிரிக்கப்பட்டுள்ளன.

* தலை (கண், காது ஆகியவற்றின் வடிவம் உட்பட) - 30
* உடலமைப்பு (எலும்பு, வால் நீளம் உட்பட) - 20
* நிறம் - 20
* உரோமம் - 10
* கண் நிறம் - 10
* உடற்சமநிலை - 5
* நயம் - 5

வரிக்கோலமுள்ள பூனைகளில் நிறத்திற்குரிய 20 மதிப்பெண்களில் 10 கோலத்திற்கும் 10 நிறத்திற்கும் வழங்கப்படுகின்றன. வெள்ளை கலந்த வகைகளில் 10 வெள்ளைப் பரவலுக்கு உரியவை.

நீள உரோமத்திற்காக அறியப்பட்ட இவ்வினத்தில் உரோமத்திற்கு 10 மதிப்பெண்களே உள்ளன என்பதும், தலைக்கு அதனைப்போல் மும்மடங்கு உள்ளது என்பதும் கவனிக்கத்தக்கவை. இனப்பெருக்குவோர் முக அமைப்பில் கூடுதல் கவனம் செலுத்தியதற்கு இப்பகிர்வும் ஒரு காரணமாகும்.

வளைந்த அல்லது முடிச்சுள்ள வால், விரல் எண்ணிக்கையில் பிழை, மாறுகண், முதுகெலும்புக் குறைபாடு, முகம் ஒருபக்கம் கோணும்படியான மண்டையோட்டுக் குறைபாடு, ஒருநிறப் பூனையின் மார்பில் வெள்ளைப் புள்ளி ஆகியன தகுதி நீக்கத்திற்குரிய குறைகளாகும்.

நிறப் பிரிவுகள்

அமெரிக்கச் சங்கம் பாரசீகப் பூனைகளை ஏழு நிறப் பிரிவுகளாக வகுத்துள்ளது. பிரித்தானியாவில் நெடுங்காலமாக ஒவ்வொரு நிறமும் தனி இனம்போலவே பதிவு செய்யப்பட்டு வந்தது.

1. ஒருநிறம்

வெள்ளை, கறுப்பு, நீலம், சிவப்பு, கிரீம், சாக்லேட், லைலாக் ஆகியன இப்பிரிவில் அடங்கும். பூனை வளர்ப்பில் நீலம் எனப்படுவது உண்மையில் சாம்பல் நிறமாகும். சிவப்பு எனப்படுவது ஆழ்ந்த செம்மஞ்சள். மயிரின் வேர் முதல் நுனி வரை ஒரே நிறம் இருத்தல் வேண்டும். கண்கள் செப்பு நிறமாக இருத்தல் வேண்டும். வெள்ளைப் பூனைகளுக்கு மட்டும் நீலம், செப்பு, அல்லது ஒன்று நீலமும் ஒன்று செம்புமாக இரட்டைக்கண் ஆகிய மூன்றும் ஏற்கப்படுகின்றன.

2. வெள்ளியும் பொன்னும்

சின்சில்லா என அறியப்படும் வகை இப்பிரிவைச் சேர்ந்தது. 1880களில் இங்கிலாந்தில் இது உருவாக்கப்பட்டது. மயிரின் பெரும்பகுதி தூய வெள்ளையாக இருக்க, நுனியில் மட்டும் கருமை காணப்படும். தொலைவிலிருந்து பார்க்கையில் வெள்ளிப்பூச்சு போல் இது தோன்றும். நுனிக் கருமை கூடுதலாக இருப்பின் நிழல்வெள்ளி எனப்படும். அடிமயிர் வெள்ளைக்குப் பதிலாகத் தேன்நிறமாக இருப்பின் பொன் வகையாகும். கண்கள் பச்சையாகவோ நீலப்பச்சையாகவோ இருக்கும். கண்ணிமை ஓரங்களும் உதடுகளும் மையிட்டாற்போல் கறுத்திருக்கும். மூக்குநுனி செங்கல் சிவப்பாக இருக்கும்.

3. நிழலும் புகையும்

புகை வகைப் பூனை அமைதியாக இருக்கையில் ஒருநிறக் கறுப்பாகவோ நீலமாகவோ தோன்றும். அது அசையும்போது மயிர் விலகி வெள்ளை அடிமயிர் வெளிப்படும். செந்நிற நுனிகொண்ட நிழல் வகைகளும் இப்பிரிவில் அடங்கும்.

4. வரிக்கோலம்

டேபி எனப்படும் கோலமுடைய பூனைகள் இவை. விலாப்புறத்தில் சுழிகளைக் கொண்ட செவ்வியல் கோலம், குறுகிய கோடுகளைக் கொண்ட கானாங்கெளுத்திக் கோலம் முதலியன உள்ளன. நெற்றியில் ஆங்கில 'எம்' எழுத்தைப் போன்ற குறி எல்லா வகைகளிலும் காணப்படும். நீள உரோமத்தில் கோடுகளின் விளிம்பு மங்கிவிடுவதால், தெளிவான கோலமுடைய பாரசீகப் பூனையைப் பெறுவது குட்டைமுடி இனங்களைக் காட்டிலும் கடினம்.

5. பல்நிறம்

கறுப்பும் சிவப்பும் கலந்த ஆமையோட்டு வகை, அதன் வெளிர்வடிவமான நீலமும் கிரீமும் கலந்த வகை ஆகியன இதில் அடங்கும். இவை ஏறத்தாழ எப்போதும் பெண்பூனைகளே.

6. இருநிறம்

வெள்ளையுடன் வேறொரு நிறமோ கோலமோ கலந்தவை. வெள்ளையுடன் கறுப்பும் சிவப்பும் தனித்தனித் திட்டுகளாக அமைந்தது காலிக்கோ எனப்படும். நிறம் பெரும்பாலும் தலை, வால், கால்கள் ஆகியவற்றில் மட்டும் ஒதுங்கியிருப்பின் வான் கோலம் எனப்படும்.

7. இமாலயம்

சியாமியப் பூனையின் நிற அமைப்பைக் கொண்ட பாரசீகப் பூனை. உடல் வெளிறியும் முகம், காது, கால், வால் ஆகிய முனைகள் கருத்தும் இருக்கும். கண்கள் நீலமாகவே இருத்தல் வேண்டும். இமயமலையோடு இதற்குத் தொடர்பில்லை. இதே நிற அமைப்புள்ள இமாலய முயல்களிலிருந்து இப்பெயர் வந்தது. 1930களில் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிளைடு கீலர், வர்ஜீனியா காப் என்பவருடன் இணைந்து, சியாமியப் பூனையையும் பாரசீகப் பூனையையும் கலந்து இந்நிற அமைப்பின் மரபுவழியை ஆராய்ந்தார். பிரித்தானியாவில் பிரையன் ஸ்டர்லிங்-வெப் உருவாக்கிய வகை 1955இல் ஏற்கப்பட்டது. 1957இல் அமெரிக்கச் சங்கம் இதனைத் தனி இனமாக ஏற்று, 1984இல் பாரசீக இனத்தின் ஒரு நிறப்பிரிவாக இணைத்தது.

நிறங்களின் மரபியல்

இத்தனை நிறங்களும் இரண்டே நிறமிகளால் ஆனவை. யூமெலனின் கறுப்பு, பழுப்பு நிறங்களையும் பியோமெலனின் சிவப்பு, மஞ்சள் நிறங்களையும் தருகின்றன. எந்நிறமி, மயிரின் எப்பகுதியில், எவ்வளவு செறிவில் படிகிறது என்பதைச் சில மரபணுக்கள் தீர்மானிக்கின்றன.

வெளிறல்: எம்.எல்.பி.எச் மரபணுவின் ஒடுங்கு வடிவம் நிறமித் துகள்களை மயிரில் சீராகப் பரவவிடாமல் திரளச் செய்கிறது. இதனால் கறுப்பு நீலமாகவும், சாக்லேட் லைலாக்காகவும், சிவப்பு கிரீமாகவும் வெளிறுகின்றன. இதற்குக் காரணமான மாற்றம் 2006இல் கண்டறியப்பட்டது. இரு கறுப்புப் பூனைகளுக்கு நீலக்குட்டி பிறக்கலாம். இரு நீலப் பூனைகளுக்குக் கறுப்புக்குட்டி பிறப்பதில்லை.

சிவப்பு: சிவப்பு நிறத்திற்கான மரபணு எக்ஸ் நிறப்புரியில் உள்ளது. ஆண்பூனைக்கு ஒரே எக்ஸ் நிறப்புரி உள்ளதால் அது சிவப்பாகவோ சிவப்பற்றதாகவோ மட்டுமே இருக்க இயலும். பெண்பூனைக்கு இரண்டு உள்ளன. கருவளர்ச்சியின்போது ஒவ்வொரு உயிரணுவிலும் இவற்றுள் ஏதேனும் ஒன்று செயலிழக்கிறது. ஒன்றில் சிவப்பும் மற்றொன்றில் சிவப்பின்மையும் இருப்பின் தோலில் இரு நிறத் திட்டுகளும் கலந்து தோன்றும். ஆமையோட்டு நிறம் பெண்பூனைகளுக்கே உரியதாக இருப்பதன் காரணம் இதுவே. அரிதாகப் பிறக்கும் ஆண் ஆமையோட்டுப் பூனைகள் பெரும்பாலும் கூடுதலாக ஓர் எக்ஸ் நிறப்புரியைக் கொண்டவை. இவை பொதுவாக மலடாக இருக்கும். இம்மரபணு எது என்பது நூறாண்டுக்கும் மேலாக அறியப்படாதிருந்தது. ஏ.ஆர்.எச்.ஜி.ஏ.பி.36 மரபணுவையொட்டி ஏறத்தாழ 5,100 காரமூலங்கள் நீங்கியிருப்பதே காரணம் என சப்பானிய, அமெரிக்க ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே கண்டறிந்து 2025இல் வெளியிட்டன.

கோலம்: ஏ.எஸ்.ஐ.பி மரபணு இயல்பாக இருப்பின் மயிரிழையில் கருமையும் மஞ்சளும் மாறிமாறிப் படிந்து வரிக்கோலம் தோன்றும். இதன் ஒடுங்கு வடிவம் இரு மடங்காக அமைந்தால் கோலம் மறைந்து ஒருநிறமாகிறது. ஆனால் சிவப்பு மயிரில் இவ்வொடுங்கு வடிவம் பயனளிப்பதில்லை. ஆதலால் மரபணுவளவில் ஒருநிறமான சிவப்புப் பூனையிலும் வரிகள் மங்கலாகத் தெரியும். தரநிலை வேண்டும் வரியற்ற சிவப்பைப் பெற, வரிகள் குறைந்த பூனைகளைப் பல தலைமுறைகள் தெரிவு செய்ய வேண்டியுள்ளது.

வெள்ளி: மஞ்சள் நிறமியைத் தடுக்கும் ஓங்கு மரபணு ஒன்று அடிமயிரை வெண்மையாக்குகிறது. கோலமற்ற பூனையில் இது செயற்பட்டால் புகை வகையும், கோலமுள்ள பூனையில் வேறு சில மரபணுக்களுடன் சேர்ந்து செயற்பட்டால் சின்சில்லா வகையும் கிடைக்கின்றன.

முனைநிறம்: டைரோசினேசு நொதியை உருவாக்கும் மரபணுவின் மாற்றத்தால், உடல் வெப்பத்தில் செயலிழந்து குளிர்ந்த பகுதிகளில் மட்டும் செயற்படும் நொதி உருவாகிறது. முகம், காது, பாதம், வால் ஆகியன உடலின் நடுப்பகுதியைவிடக் குளிர்ந்தவை என்பதால் அங்கு மட்டும் நிறமி உண்டாகிறது. தாயின் வயிற்றில் எப்பகுதியும் வெப்பமாக இருப்பதால் இமாலயக் குட்டிகள் முழு வெளிறலாகப் பிறந்து, நாளடைவில் முனைகள் கருக்கின்றன.

வெள்ளை: கே.ஐ.டி மரபணுவில் பழங்கால நச்சுயிரி ஒன்றின் மரபுத் துண்டு நுழைந்திருப்பதே வெள்ளைத் திட்டுகளுக்குக் காரணம் என 2014இல் அறியப்பட்டது. அதே இடத்தில் அத்துண்டின் ஒரு சிறு பகுதி மட்டும் எஞ்சியிருந்தால் பூனை முழு வெள்ளையாகிறது. எனவே வெள்ளை என்பது ஒரு நிறமன்று. அடியிலுள்ள நிறத்தை மறைக்கும் திரை எனலாம். வெள்ளைக் குட்டிகளின் உச்சந்தலையில் சிறிதுகாலம் காணப்படும் கறுப்புத் திட்டு மறைந்திருக்கும் நிறத்தைக் காட்டிவிடும்.

நிறமும் உடல்நலமும்

நிறமி உயிரணுக்கள் தோலில் மட்டுமின்றி உட்செவியிலும் தேவைப்படுகின்றன. முழு வெள்ளைப் பூனைகளில் இவை உட்செவியை அடையாமற்போவதால் செவிட்டுத்தன்மை ஏற்படலாம். நீலக் கண்ணற்ற வெள்ளைப் பூனைகளில் 17 முதல் 20 விழுக்காடும், ஒரு கண் மட்டும் நீலமானவற்றில் ஏறத்தாழ 40 விழுக்காடும், இரு கண்களும் நீலமானவற்றில் 65 முதல் 85 விழுக்காடும் செவிடாக உள்ளன என மதிப்பிடப்பட்டுள்ளது. செவிட்டுப் பூனை வாகன ஒலியையோ நாய் குரைப்பதையோ அறியாது என்பதால் வீட்டிற்குள்ளேயே வளர்க்கப்பட வேண்டும்.

நீலப்புகை நிறமும் மஞ்சட்பச்சைக் கண்களும் கொண்ட சில பாரசீகப் பூனைகளில் செடியாக்-இகாசி நோய்த்தொகை அறியப்பட்டுள்ளது. இதில் நிறமித் துகள்கள் இயல்புக்கு மாறாகப் பெருத்திருக்கும். இரத்தம் உறைவதிலும் குறைபாடு இருக்கும். மனிதரிடமும் காணப்படும் இந்நோய் ஒடுங்கு பண்பாகக் கடத்தப்படுகிறது.

முக அமைப்பும் விவாதமும்

19ஆம் நூற்றாண்டுப் பாரசீகப் பூனைகளின் மூக்கு, குட்டையாயினும் தெளிவாக முன்நீண்டிருந்தது. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் சிவப்பு வகைகளிடையே மிகத் தட்டையான முகமுடைய பூனைகள் தோன்றின. பெக்கிங்கீசு நாயின் முகத்தை ஒத்திருந்ததால் இவை பெக்கி முகம் எனப்பட்டன. அவ்வகை உடல்நலக் குறைகளால் பின்னர் அருகியது. எனினும் பொதுவான பாரசீகப் பூனைகளின் முகமும் அத்திசையிலேயே மாறிச் சென்றது. பழைய முக அமைப்புடையவை இன்று மரபுவழிப் பாரசீகம் அல்லது பொம்மை முகம் என வேறுபடுத்தப்படுகின்றன.

முகவெலும்புகள் குறுகினாலும் அவற்றுள் அமைய வேண்டிய உறுப்புகள் அதே அளவில் குறைவதில்லை. இதனால் பல சிக்கல்கள் எழுகின்றன.

* மூக்குத் துளைகள் ஒடுங்கி மூச்சுவிடுதல் கடினமாகிறது. முகம் தட்டையாகுந்தோறும் மூச்சுச் சிக்கல்கள் மிகுகின்றன என 2016இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.
* கண்ணீர் வடியும் நாளம் வளைந்து அடைபடுவதால் கண்ணீர் முகத்தில் வழிந்து, பழுப்புக் கறையும் தோல் அழற்சியும் உண்டாகின்றன.
* கண்கள் புடைத்திருப்பதால் கருவிழிப் புண்கள் எளிதில் ஏற்படுகின்றன.
* தாடைகள் பொருந்தாமையால் பற்கள் நெருங்கி ஈறு நோய்கள் தோன்றுகின்றன.
* குட்டிகளின் தலை அகன்றிருப்பதால் ஈனுதல் கடினமாகலாம்.
* மிகத் தட்டையான முகமுடைய பூனைகளில் மூளை அறைகளில் நீர் தேங்குதல் காணப்படுவதாக 2017இல் செருமனியின் கீசன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தெரிவித்தனர்.

இங்கிலாந்தில் கால்நடை மருத்துவமனைகளுக்குக் கொண்டுவரப்பட்ட 3,235 பாரசீகப் பூனைகளின் பதிவுகளை ஆராய்ந்து 2019இல் வெளியான ஆய்வில், 64.9 விழுக்காட்டுப் பூனைகளுக்கு ஏதேனும் ஒரு நோயேனும் பதிவாகியிருந்தது. உரோமச் சிக்கல்களும் (12.7 விழுக்காடு) பல்நோய்களும் (11.3 விழுக்காடு) முதலிடங்களைப் பெற்றன.

தரநிலைகளிலும் சில வரம்புகள் சேர்க்கப்பட்டுள்ளன. பிரித்தானியத் தரநிலைப்படி மூக்குநுனித் தோலின் மேல்விளிம்பு, கண்ணின் கீழ்விளிம்புக்கு மேலே செல்லுதல் கூடாது. சென்றால் பரிசு மறுக்கப்படலாம். துன்பம் விளைவிக்கும் இனப்பெருக்கத்தைச் செருமனியின் விலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 11பி பிரிவு தடை செய்கிறது. இப்பிரிவை விளக்க 1999இல் வெளியிடப்பட்ட வல்லுநர் அறிக்கையும் இதே அளவுகோலையே பாரசீகப் பூனைகளுக்குப் பரிந்துரைத்தது.

தோற்றத்தைக் கொண்டு அறிய இயலாத நோய்களும் உள்ளன. அவற்றுள் முதன்மையானது சிறுநீரகக் கட்டி நோய் ஆகும். பிறப்பிலிருந்தே சிறுநீரகங்களில் நீர்க்கட்டிகள் இருந்து, வளர்ந்து, நடுவயதில் சிறுநீரகச் செயலிழப்பை ஏற்படுத்தும். இது ஓங்கு பண்பாதலால் பெற்றோரில் ஒன்றிடம் இருந்தாலே குட்டிகளில் பாதிக்குக் கடத்தப்படக்கூடும். உலகளவில் பாரசீகப் பூனைகளில் ஏறத்தாழ 38 விழுக்காட்டினிடம் இந்நோய் இருந்ததாக மதிப்பிடப்பட்டது. பி.கே.டி.1 மரபணுவில் உள்ள மாற்றமே காரணம் என 2004இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் (டேவிசு) லெசுலி லயன்சு குழுவினர் கண்டறிந்தனர். அதன்பின் எளிய மரபணுச் சோதனை நடைமுறைக்கு வந்தது. சோதனை செய்து, நோயுள்ள பூனைகளை இனப்பெருக்கத்திலிருந்து விலக்கிய இடங்களில் நோய் குறைந்துள்ளது. கண்காட்சி மேடையில் மதிப்பெண் பெறாத ஒரு பண்பையும் இனப்பெருக்குவோர் மாற்ற இயலும் என்பதற்கு இது சான்றாகும்.

பராமரிப்பு

இப்பூனையின் உரோமம் தானாகச் சீராக நிற்பதில்லை. மென்மையான அடிமயிர் எளிதில் சிக்குண்டு கட்டியாகி, தோலை இழுத்து வலியையும் புண்ணையும் ஏற்படுத்தும். ஆதலால் நாள்தோறும் உலோகச் சீப்பால் வாருதல் வேண்டும். அக்குள், வயிறு, காதுகளின் பின்புறம், தொடையின் உட்புறம் ஆகிய இடங்களில் சிக்கல் முதலில் தோன்றும். முற்றிய சிக்கலைக் கத்தரிக்கோலால் வெட்டுகையில் தோல் கிழியக்கூடும் என்பதால் மழிப்பானைக் கொண்டு நீக்குவதே பாதுகாப்பானது. கண்ணீர்க் கறையை ஈரத்துணியால் நாள்தோறும் துடைத்தல் வேண்டும்.

இந்தியாவில்

இந்திய நகரங்களில் வளர்க்கப்படும் வெளிநாட்டுப் பூனை இனங்களுள் பாரசீகப் பூனை மிகப் பரவலானது. செல்லப்பிராணி வணிகத்தில் இவை முக அமைப்பைக் கொண்டு டால் பேஸ், செமி பஞ்ச், பஞ்ச் பேஸ் எனப் பிரித்து விற்கப்படுகின்றன. பஞ்ச் பேஸ் எனப்படுவது மிகத் தட்டையான முகமாகும். இவை வணிகப் பெயர்களே அன்றித் தரநிலைகளில் இடம்பெறும் வகைகள் அல்ல. குட்டையான மூக்கும் அடர்ந்த உரோமமும் வெப்பத்தை வெளியேற்றத் தடையாக இருப்பதால், கோடையில் இப்பூனைகளுக்கு நிழலும் காற்றோட்டமும் குடிநீரும் இன்றியமையாதவை. வாய் திறந்து மூச்சிரைத்தல் பூனைகளில் இயல்பன்று. அது காணப்பட்டால் உடனடியாகக் கால்நடை மருத்துவரை அணுக வேண்டும்.

குட்டி வாங்குவோர் பெற்றோர்ப் பூனைகளின் சிறுநீரகக் கட்டி நோய்ச் சோதனை முடிவைக் கேட்டறிதல் நன்று. மூக்குத் துளைகள் திறந்துள்ளனவா, மூச்சு ஒலியின்றி உள்ளதா, கண்கள் நீர் வழியாமல் தெளிவாக உள்ளனவா என்பவற்றையும் நேரில் பார்த்தறியலாம்.

பரவலர் பண்பாட்டில்

1963இல் வெளியான 'பிரம் ரஷ்யா வித் லவ்' திரைப்படம் முதல் ஜேம்ஸ் பாண்ட் படங்களின் எதிர்நாயகன் புளோஃபெல்டு மடியில் வைத்துத் தடவும் வெள்ளை நீளமுடிப் பூனை உலகெங்கும் அறியப்பட்டது. 1999இல் வெளியான 'ஸ்டூவர்ட் லிட்டில்' படத்தில் வரும் ஸ்னோபெல் என்னும் பூனையும் வெள்ளைப் பாரசீகப் பூனையே.

இவற்றையும் பார்க்க

* அங்கோராப் பூனை
* சியாமியப் பூனை
* எக்சோட்டிக் குட்டைமுடி
* தெரிவுமுறை இனப்பெருக்கம்